பழகிப்போன காது: ஒலிக்கலவை குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த சில மாதங்களில் வந்த கடிதங்களுள் மிக்ஸிங் தொழிலில், அதாவது தனித்தனியே பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாட்டாகக் கலக்கும் வேலையில், இருப்பவர்கள் எழுதியவற்றைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். அவற்றுள் கருவிகளைப் பற்றிக் கேட்டவை குறைவு. நாள்தோறும் இதே வேலையைச் செய்துகொண்டு காதையும் மனத்தையும் எப்படிப் புதிதாக வைத்திருப்பது என்பதையே பெரும்பாலானோர் கேட்டிருக்கிறார்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சிறிய அறையில் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில், நான் செய்துபார்த்துப் பலன் கண்டவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தலவாக்கலை வாசகர்: வணக்கம் அண்ணா. ஐந்து வருடங்களாக மிக்ஸிங் செய்கிறேன். கோயில் பக்திப் பாடல்கள், கல்யாண வீடியோப் பாடல்கள், யூடியூப்பில் பாடும் தம்பிமாரின் பாடல்கள் என்று மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரும். தொடங்கிய காலத்தில் ஒரு பாட்டு கூடிவரும்போது உடம்பு சிலிர்க்கும். இப்போது எதைத் திறந்தாலும் கை தானாக வேலை செய்கிறது, மனம் அதில் இல்லை. முடிவில் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. புதிய பிளக்இன் (ஒலியை மாற்றும் கணினிச் செயலி) சில வாங்கினால் சரியாகுமா?

பதில்: புதிய பிளக்இன் வாங்கினால் இரண்டு கிழமைக்குச் சரியாகும். அந்தப் புதுமை தீர்ந்ததும் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள், கையில் இருந்த பணமும் போயிருக்கும். குறை கருவியில் இல்லை என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவுக்காகப் பதினொரு பக்திப் பாடல்களை மிக்ஸ் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டேன். கையில் இருந்தது மூன்றே நாட்கள். முதல் பாடலுக்கு அமைத்த ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த சுருதிகளைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தை அடக்குவது), ரிவர்ப் (அறையின் முழக்கத்தைத் தருவது) எல்லாவற்றையும் டெம்ப்ளேட்டாக, அதாவது மாதிரி அமைப்பாகச் சேமித்து, மீதிப் பத்துப் பாடல்களையும் அதற்குள் போட்டு முடித்துவிட்டேன். ஏற்பாட்டைக் கவனித்த பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, சுத்தமாத்தான் இருக்குது. ஆனா அம்மன் தாலாட்டும் காவடிச்சிந்தும் ஒரே எடத்துல நின்னு பாடுன மாதிரி இருக்கே" என்றார். இசை படித்தவரல்லர் அவர், ஆனால் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். அன்றிரவு அந்தப் பதினொன்றையும் எண்ணிப்பார்த்தபோது, ஒன்றையேனும் நான் பாட்டாகக் கேட்டிருக்கவில்லை என்பது தெரிந்தது. ட்ராக்குகளை, அதாவது தனித்தனியான ஒலிப்பதிவுகளைத்தான் கேட்டிருந்தேன்.

ஒரு பாட்டை முதல் தடவை கேட்கும் காது அந்தப் பாட்டுக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். கேட்பவர்கள் எல்லாரும் அந்தக் காதோடுதான் பாட்டுக்கு வருகிறார்கள், அதை நாம்தான் வேலையின் முதல் அரைமணியிலேயே வீணாக்கிவிடுகிறோம். கோப்பைத் திறந்தவுடன் டிரம்மைத் தனியாக்கி ஒலிக்கவிட்டுச் சுத்தம் செய்யத் தொடங்கினால், முழுப் பாட்டையும் கேட்கும் நேரம் வரும்போது அதன் துண்டுகளை முப்பது நாற்பது முறை கேட்டு முடித்திருப்போம். அதற்குமேல் எங்கே சிலிர்க்கும்?

ஆகவே நான் வேலையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ட்ராக்குகளுக்குப் பெயரிடுதல், இரைச்சல் நீக்குதல், தாளம் பிசகிய இடங்களைச் சரிசெய்தல், அளவுகளை ஒழுங்குபடுத்துதல் ஆகிய துப்புரவு வேலைகளை ஒரு நாளில் செய்வேன். அந்த நாளில் பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடவிடுவதே இல்லை. முடிந்தால் இதை உதவியாள் ஒருவரிடம் கொடுப்பது இன்னும் நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் தகரக் கூரையில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிற்பகல்களைத் துப்புரவு வேலைக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன், ஏனென்றால் மழையிரைச்சல் ரிவர்ப்பின் வாலையும் குரலின் மெல்லிய மெய்யெழுத்துகளையும் விழுங்கிவிடும், அந்த நேரத்தில் எடுக்கும் கலை முடிவு எதுவும் மறுநாள் நிற்காது. கலவையை மழை தொடங்குவதற்கு முன் காலையில் செய்வேன்.

காலையில் உட்கார்ந்ததும், ஒவ்வொரு ட்ராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஏறத்தாழ ஒரு சமநிலையில் வைத்து, மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, முழுப் பாட்டையும் ஒரு தடவை கேட்பேன். மடியில் ஒரு தாளும் பேனையும் இருக்கும். டெசிபெல்லும் ஹேர்ட்ஸும் அந்தத் தாளில் வரக் கூடாது. பாட்டு என்ன செய்கிறது என்பது மட்டும் வரவேண்டும். அப்படி எழுதிய ஒரு தாள் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட, பாட்டியோடு வளரும் ஒரு பெண்பிள்ளையைப் பற்றிய பாடல் அது. தாளில் நான்கே வரிகள்: "குரல் காதருகே. வாத்தியங்கள் அடுத்த அறையில். இரண்டாம் சரணத்தில் 'விடியுமுன்' என்ற சொல்லுக்கு முன் மூச்சு உடைகிறது, அதைத் தொடாதே. கடைசிப் பல்லவியில் எல்லாரும் போய்விட வேண்டும்." மூன்றாம் நாள் அந்தப் பாட்டை எண்பது முறை கேட்டுவிட்ட நிலையில் பார்த்தால், என் வழக்கமான அமைப்பில் இருந்த கேட் (மெல்லிய ஒலிகளை அடைத்துவிடும் கருவி) அந்த மூச்சை ஏற்கெனவே வெட்டி எறிந்திருந்தது. வெட்டியது என் காதுக்குத் தெரியவே இல்லை. தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மூச்சைத் திரும்பக் கொண்டுவந்து, அதன் அளவைச் சற்றே கூட்டினேன். பாடிய பிள்ளை மிக்ஸைக் கேட்டபோது அந்த இடத்தில்தான் தலைநிமிர்ந்தார்.

டெம்ப்ளேட்டை ஒழித்துவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். எந்த ட்ராக் எந்தக் குழுவுக்குப் போகவேண்டும், எந்த ஒலி எந்த வழியாக வெளியேற வேண்டும் என்ற இணைப்பு வேலை ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்றுதான். அது டெம்ப்ளேட்டில் இருக்கட்டும். குரலுக்கு இவ்வளவு ஈக்யூ, தவிலுக்கு இவ்வளவு கம்ப்ரஷன் என்ற ரசனை சார்ந்த முடிவுகளை அதிலிருந்து அழித்துவிடுங்கள். அடுத்த மூன்று பாடல்களுக்கு இப்படிச் செய்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

பதுளை வாசகர்: இரவு ஒரு மணி, இரண்டு மணிவரை வேலை செய்கிறேன். அப்போது மிக்ஸ் அபாரமாக இருக்கிறது. காலையில் கேட்டால் குரல் குத்துகிறது, பேஸ் காணாமல் போயிருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம்?

பதில்: மணித்தியாலத்தைவிட நீங்கள் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறீர்கள் என்பதே முதற்கேள்வி. சத்தத்துக்கு ஏற்ப நம் காதின் உணர்திறன் மாறுவதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இல் அளந்து வெளியிட்டார்கள். குறைந்த சத்தத்தில் தாழ்ந்த சுருதிகள் காதுக்கு எட்டுவது குறைவு. சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவை நிறைந்து ஒலிக்கும். இரவில் களைப்பு ஏற ஏற நாம் அறியாமலே வால்யூமைத் திருகிக்கொண்டே போகிறோம். அந்தச் சத்தத்தில் பேஸ் தாராளமாகக் கேட்பதால் அதைக் குறைத்துவிடுகிறோம். களைத்த காதுக்கு மேற்சுருதிகள் மங்கிக் கேட்பதால் குரலில் கூர்மையை ஏற்றிவிடுகிறோம். காலையில் ஓய்ந்த காதோடு, அடக்கமான சத்தத்தில் கேட்கும்போது நீங்கள் சொன்ன அதே இரண்டு குறைகளும் பல்லைக் காட்டுகின்றன.

காதின் பாதுகாப்பைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். தொழிலிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஒரு வரம்பின்படி, 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணித்தியாலம், 91இல் 2. இது காது கெடாமல் இருப்பதற்கான கணக்கு மட்டுமே. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் நுட்பம் இதற்கு வெகு முன்பே மழுங்கிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவில் ஸ்பீக்கரை வைத்து, வால்யூம் திருகியில் அந்த இடத்துக்கு ஓர் அடையாளம் ஒட்டிவிடுங்கள். சத்தமாக ஒரு முறை கேட்டுப்பார்க்க வேண்டுமானால் ஒரு பல்லவி அளவுக்குக் கேட்டுவிட்டு அடையாளத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

நம் காது மிகக் கூர்மையாக உணர்வது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையிலான பகுதியை. நாதஸ்வரம் அந்தப் பகுதியில் வீறுகொண்டு ஒலிக்கும் வாத்தியம். கோயில் பாடல்களில் மற்றவற்றைச் சரிசெய்யும்போது நாதஸ்வர ட்ராக்கை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அதுவே உங்கள் காதை முதலில் களைக்கச் செய்யும். முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து பத்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். கைத்தொலைபேசியில் வீடியோ பார்ப்பது ஓய்வில் சேராது.

தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் மேசையைப் பார்த்திருப்பீர்கள். சர்வதேசத் தரம் ஒன்றில் உள்ளபடி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல். வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ருசி பார்ப்பவர் ஒரு கரண்டியை 'சுர்ர்' என்று உறிஞ்சுவார், துப்புவார், அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். ஒரே கிண்ணத்தில் நின்று மறுபடி மறுபடி உறிஞ்சிக்கொண்டிருக்க மாட்டார், நாக்கு முதலில் சொல்வதை நம்புவார். பக்கத்தில் இருக்கும் கிண்ணமே அவருக்கு அளவுகோல். எனக்கும் அப்படி இரண்டு பாடல்கள் உண்டு. பல வருடங்களாக நன்கு பழகிய அந்த இரண்டையும் தினமும் காலையில் முதலில் கேட்பேன். அவை வேறுமாதிரி ஒலித்தால் காது இன்னும் தயாராகவில்லை என்று புரிந்துகொண்டு துப்புரவு வேலைக்குப் போய்விடுவேன்.

இரவில் வேலை செய்தே ஆகவேண்டிய நிலை சிலருக்கு உண்டு. பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு நேரம் ஏது? அப்படியானால் இரவில் செய்யுங்கள், ஆனால் மிக்ஸை அன்றிரவே அனுப்பிவிடாதீர்கள்.

மஸ்கெலியா வாசகி: நான் பாடுவதோடு, அயலில் உள்ளவர்களின் பாடல்களையும் மிக்ஸ் செய்து கொடுக்கிறேன். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எங்கள் காம்பராவில், அதாவது அறையில்தான் வேலை. ஒரு ஹெட்போன், ஒரு பழைய மடிக்கணினி, அவ்வளவுதான். யூடியூப்பில் பார்த்த பாடங்களைப் பின்பற்றுவதால் நான் செய்வதெல்லாம் யாரோ ஒருவருடைய மிக்ஸ் போலவே இருக்கிறது. எனக்கென்று ஒன்று எப்படி வரும்?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பாடங்களைச் சொல்லித்தருபவர்களுக்கு நல்ல அறை உண்டு, விலையுயர்ந்த ஸ்பீக்கர் உண்டு. ஆனால் உங்கள் கதவைத் திறந்தால் கேட்பது அவர்களுக்குக் கேட்காது. நான் தாளம் பற்றியும் தூரம் பற்றியும் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி தோட்டத்தில் கற்றது.

மாசி மாதத்தில் ஒரு தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை ஒலிப்பதிவு செய்யப் போயிருந்தேன். நள்ளிரவு கடந்து பனி இறங்கியதும் தப்பு என்ற பறையின் தோல் தளர்ந்து, அடி 'தொப்' என்று விழத் தொடங்கியது. அடிப்பவர்கள் மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சிகள்) போட்டு மூட்டிய நெருப்பருகே போய், தப்பை வட்டமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். இடையிடையே விரலால் தட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் சுருதி ஏறிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் 'ணங்' என்று எதிரே இருந்த லயத்தின் சுவரில் பட்டுத் திரும்பியது. உடனே எழுந்துவிட்டார்கள். அதுவரை நான் தப்பின் மந்தத்தை ஈக்யூவில் 4,000 ஹேர்ட்ஸைத் தூக்கிச் சரிசெய்து வந்தவன். அன்றிலிருந்து தப்பைப் பதிவு செய்யும் இடத்தில் ஒரு சட்டியில் தணல் வைத்திருக்கிறேன். அந்தப் பதிவுகளில் ஈக்யூவுக்குப் பெரிய வேலை இருப்பதில்லை. இதை எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, எதிரொலி. உங்கள் லயத்துக்கு எதிரே ஒரு மலைச்சரிவு இருக்கும். அதிகாலையில் நின்று ஒரு முறை உரக்கக் கைதட்டி, அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். நம் பக்கத்துக் குளிரில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும், ஆகவே 170 மீற்றர் தொலைவில் உள்ள சரிவிலிருந்து அது சரியாக ஒரு செக்கனில் திரும்பி வரும். பதிவைக் கவனமாகக் கேட்டால், திரும்பிய தட்டில் கூர்மை போய்விட்டிருப்பது தெரியும். மேற்சுருதிகளைக் காற்றும் தேயிலைச் செடிகளும் வழியிலேயே உறிஞ்சிவிடுகின்றன. இப்போது எதிரொலியை உண்டாக்கும் உங்கள் டிலேயைத் திறந்து, நீங்கள் அளந்த அதே நேரத்தை வைத்து, திரும்பும் ஒலியில் மேற்சுருதிகளை வெட்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 அடி நடையில் போகும் தாலாட்டு ஒன்றில் அந்த ஒரு செக்கன் எதிரொலி அடுத்த அடியில் அப்படியே வந்து உட்காரும். அந்தப் பாட்டு உங்கள் மலையில் நின்று பாடியதாக இருக்கும்.

ஹெட்போனில் மட்டும் செய்வதில் ஒரு பொறி உண்டு. இடதும் வலதும் காதுக்குள் தனித்தனியே நுழைவதால் எல்லாம் அகன்று அழகாகத் தோன்றும். உங்கள் பாடல்களைக் கேட்பவர்களில் பலர் கைத்தொலைபேசியின் சிறு ஸ்பீக்கரிலும் முச்சக்கர வண்டியிலும்தான் கேட்பார்கள். ஆகவே மிக்ஸை ஒற்றை ஒலியாக, அதாவது மோனோவாக மாற்றி அந்தச் சிறு ஸ்பீக்கரில் கேளுங்கள். 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே அது ஏறக்குறைய ஒன்றும் தராது. அங்கே பேஸ் முற்றாக மறைந்தால் அதன் அளவைக் கூட்டுவதில் பயனில்லை, சற்றுச் சாச்சுரேஷன் (மெல்லிய ஒலிச்சிதைவு) சேர்த்து மேலே உள்ள சுரங்களை வெளிக்கொண்டு வாருங்கள். குரலும் தாளமும் மட்டும் அந்தச் சின்னஞ்சிறு ஸ்பீக்கரில் பாட்டைத் தாங்கி நின்றால் உங்கள் மிக்ஸ் எங்கும் நிற்கும்.

பண்டாரவளை வாசகர்: வாடிக்கையாளர்கள் ஒரு சினிமாப் பாட்டைக் கொண்டுவந்து "இதே மாதிரி செய்து தாருங்கள்" என்கிறார்கள். இதில் நமக்கென்று என்ன இடம் இருக்கிறது?

பதில்: அந்தப் பாட்டில் உங்களுக்குப் பிடித்தது எது என்று அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் "குரல் முன்னால் நிற்கிறது", "தாளம் நெஞ்சில் அடிக்கிறது" என்று ஒரேயொரு பதில்தான் வரும். அதை எழுதிக்கொண்டு அந்தப் பாட்டை மூடிவிடுங்கள், பிறகு உங்கள் வேலை அந்த ஒரு குணத்தை இந்தப் பாட்டுக்குள் உங்கள் வழியில் கொண்டுவருவதுதான். ஒப்பிட்டுப் பார்க்கும்போது வெளியான பாட்டின் அளவைக் குறைத்து, இரண்டும் ஒரே சத்தத்தில் ஒலிக்குமாறு வையுங்கள். மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச்சீரமைப்பு முடிந்த பாட்டு சத்தமாக இருப்பதாலேயே நல்லதாகத் தோன்றும், நீங்களும் அந்தச் சத்தத்தைத் துரத்தத் தொடங்கிவிடுவீர்கள். ஸ்பொட்டிஃபை போன்ற தளங்கள் வழக்கமாக எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. எனவே அந்தத் துரத்தலில் கிடைப்பதும் ஒன்றுமில்லை.

கொட்டகலை வாசகர்: எட்டு வருடங்கள் இடைவிடாமல் வேலை செய்துவிட்டேன். இப்போது பாட்டு என்றாலே வெறுப்பாக இருக்கிறது. கொஞ்சக் காலம் விட்டுவிடலாமா, அல்லது விட்டால் கை போய்விடுமா?

பதில்: விடலாம், கை போகாது. ஆனால் எப்படி விடுகிறீர்கள் என்பதைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. என் அம்மா கொழுந்து பறித்தவர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் (கிளைகளைக் கத்தரிக்கும்) மலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். சில வருடங்களுக்கு ஒரு முறை செடியைக் கவ்வாத்து வெட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கொழுந்து வராது. ஆனால் வேரில் போதிய மாச்சத்து இல்லாத நேரத்தில் வெட்டினால் செடி துளிர்க்காமல் பட்டுப்போகும். அதனால்தான் சில இடங்களில் வெட்டுவதற்கு முன் சில கிழமைகள் கொழுந்து பறிக்காமல் செடியை விட்டுவைக்கிறார்கள்.

நான் முதல் தடவை ஓய்வெடுத்தபோது முற்றாகச் சோர்ந்துபோய், அரைகுறை வேலைகளை அப்படியே போட்டுவிட்டு விலகினேன். ஒரு மாதம் முழுவதும் அந்தக் கடன்களை நினைத்தபடியே கிடந்தேன், ஓய்வாகவே இருக்கவில்லை. இரண்டாம் தடவை முதலில் புதிய வேலை ஏற்பதை நிறுத்தினேன். முன்பணம் வாங்கியவற்றை ஒவ்வொன்றாக முடித்துக் கொடுத்தேன். அந்தக் கிழமைகளில் இரவு வேலை செய்யாமல் நன்றாகத் தூங்கினேன். அதன் பிறகுதான் அறையைப் பூட்டினேன்.

பூட்டிய ஆறு கிழமைகளில் தோட்டத்து மூத்த பெண்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் பாடச் சொல்லி உட்கார்ந்து கேட்டேன். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகத் தேடித் தொகுத்த பாடல்கள் இப்படிப்பட்ட வாய்களிலிருந்து வந்தவைதாம். நான் எதையும் பதிவு செய்யவில்லை, பதிவு செய்தால் மறுபடி வேலையாகிவிடும் என்று அஞ்சினேன். ஒரு பாட்டி ஒப்பாரியின் ஒவ்வொரு வரி முடிவிலும் குரலை இறக்கி, சேலைத் தலைப்பை வாயருகே கொண்டுபோவார். கடைசிச் சொல் துணிக்குள் அமுங்கி வரும்.

அறையைத் திறந்து முதலில் எடுத்த பாடலில், சரணத்தின் முடிவில் குரலைக் கூர்மையாக்குவதற்குப் பதிலாக மேற்சுருதிகளை மெல்ல மெல்ல மூடிக்கொண்டுபோய், கடைசிச் சொல்லை அமுங்கவிட்டேன். முன்னே ஒருபோதும் நான் அப்படிச் செய்ததில்லை. உங்கள் கையில் இப்போது எத்தனை பாடல்கள் முடியாமல் இருக்கின்றன? முதலில் அவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு நாளைக் குறியுங்கள்.